கப்பலில் சும்மா உட்கார எவ்வளவு காசு?

கேள்வி: நாங்கள் நான்கு தோழிகள். நால்வருமே பணி ஓய்வு பெற்றவர்கள், சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறோம். மூன்று இரவு உல்லாசக் கப்பல் பயணத்துக்கு இரண்டு அறைகள் பதிந்திருக்கிறோம். நடுவில் ஒரு நாள் கப்பல் எங்கும் நிற்காதாம். அன்று முழுக்கக் காற்று வாங்கிக்கொண்டு கதை பேசுவதுதான் எங்கள் திட்டமே. ஆனால் முகவரோ, "கடலில் இருக்கும் நாளில் எதைத் தொட்டாலும் காசு. பானத் தொகுப்பையும் இணையத் தொகுப்பையும் இப்போதே வாங்கிவிடுங்கள், கப்பலில் ஏறினால் விலை கூடும்" என்று அவசரப்படுத்துகிறார். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம் அம்மா. காற்று வாங்கக் கப்பலில் கட்டணம் கிடையாது.

நீங்கள் கட்டிய பணத்தில் படுக்கை, பஃபே, பிரதான உணவகம், நீச்சல் குளம், மேல்தளத்து நாற்காலி, அரங்கத்துப் பெரும்பாலான நிகழ்ச்சிகள் எல்லாமே அடக்கம். பஃபேயில் தண்ணீர், தேநீர், சாதாரணக் காப்பி சும்மா கிடைக்கும். டின் பானம், மது, நுரை கட்டிய காப்பி, மசாஜ், சிறப்பு உணவகம், புகைப்படம், சூதாட்டக்கூடம் இவற்றுக்குத்தான் தனிக்காசு. கடல்நாளில் இறங்கிப் போக இடமில்லாததால் கடை, பார், ஸ்பா எல்லாமே உங்களைச் சுற்றிச் சுற்றி வரும். 'எதைத் தொட்டாலும் காசு' என்று முகவர் சொன்னதில் உண்மை அவ்வளவுதான்.

முன்பதிவில் விலை குறைவு என்பதும் பெரும்பாலும் சரிதான். அவர் சொல்லாமல் விட்டது வேறு. பானத் தொகுப்பைக் கடல்நாளுக்கு மட்டும் வாங்க முடியாது. பொதுவாகப் பயண நாள் முழுவதற்கும் சேர்த்துத்தான் கணக்கு. அதன்மேல் சேவைக் கட்டணமும் ஏறும். சில கப்பல்களில் ஓர் அறையில் ஒருவர் மதுபானத் தொகுப்பு வாங்கினால் அதே அறையில் இருக்கும் மற்றவரும் வாங்கியே ஆக வேண்டும். நால்வரும் தேநீர்க் கட்சி என்றால் இந்தப் பேச்சே வீண். யாருக்காவது மாலையில் ஒரு கிளாஸ் வைன் ஆசை என்றால் அதை அங்கேயே வாங்கிக் குடிக்கட்டும்.

இருபது வருடத்துக்கு மேலாகப் பயணத் தொழிலில் இருக்கிறேன். எனக்கு எரிச்சல் தருவது பானத் தொகுப்பு அல்ல, விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் விலை. பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரக்குறி இருக்கும். துறைமுகக் கட்டணம், வரி, ஊழியர் சேவைக் கட்டணம் எல்லாம் அந்த நட்சத்திரத்துக்குள் ஒளிந்துகொண்டிருக்கும். சேவைக் கட்டணம் மட்டும் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 15 முதல் 20 அமெரிக்க டாலர் வரை போகும். 18 டாலர் என்று வைத்தால் நான்கு பேருக்கு மூன்று இரவுக்கு 216 அமெரிக்க டாலர். யாரும் ஒரு சோடாகூடக் குடிக்காமல் வரும் பில் இது! "சேவைக் கட்டணம் உட்பட்டதா, இல்லையா" என்று முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம். வாட்ஸ்அப்பில் பதில் வாங்கினாலும் போதும், அதை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முகவர் உரிமம் உள்ளவர்தானே? சிங்கப்பூர் பயணத்துறைக் கழகத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். சமீப காலமாகக் கோயில் நண்பர், பழைய பள்ளித் தோழி, யாரோ ஒருவரின் மைத்துனர் என்று வாட்ஸ்அப் குழுவில் ஆள் திரட்டும் 'குழு ஒருங்கிணைப்பாளர்கள்' பெருகிவிட்டார்கள். பணத்தைப் பேநவ் என்ற வங்கிப் பரிமாற்றம் வழியாகத் தன் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு குழுவில் 'இந்திய சைவ உணவு உத்தரவாதம்' என்று ஆளுக்கு 60 வெள்ளி கூடுதலாக வாங்கியிருந்தார்கள். அந்தக் கப்பலின் பஃபேயில் பருப்பும் சப்பாத்தியும் எல்லாருக்கும் சும்மாவே இருந்தன. இரண்டாம் நாள்தான் விஷயம் தெரிந்து அக்காமார்கள் கொதித்துப் போனார்கள். பணம் திரும்பவில்லை. உரிமம் உள்ள நிறுவனம், ரசீது, பதிவுப் படிவம் இருந்தால் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம், 20,000 வெள்ளி வரையிலான வழக்கைச் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்துக்கும் கொண்டுபோகலாம். மைத்துனர் விஷயத்தில் யாரிடம் போவது?

இணையத் தொகுப்பு உங்கள் விருப்பம். பேரப்பிள்ளை முகம் பார்க்காமல் ஒரு நாள் இருக்க முடியாது என்றால் வாங்குங்கள். வாங்காவிட்டால் கரை விட்டதும் கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் நின்றாலே நம் கைப்பேசி இந்தோனீசியக் கோபுரத்தைப் பிடிப்பது தெரியும்தானே? நடுக்கடலில் அது கப்பலின் சொந்தச் செயற்கைக்கோள் கோபுரத்தைப் பிடிக்கும். வழக்கமான ரோமிங் தொகுப்பில் பெரும்பாலும் அது சேராது. என் சகலை பையிலிருந்து போனை எடுக்கவே இல்லை. அதுவாகவே படங்களைப் பதிவேற்றிக்கொண்டு இருந்திருக்கிறது. மாதக் கடைசியில் வந்த பில்லைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். உங்களில் யாராவது இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நிரந்தரவாசியா? அல்லது கடைசி நேரத்தில் ஊரிலிருந்து வந்த அக்காவையும் கூட்டிப்போகப் போகிறீர்களா? இதைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும். கப்பல் எங்கும் நிற்காமல் சுற்றிவிட்டு வந்தாலும் நீங்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறியதாகத்தான் கணக்கு. ஏறும்போது குடிநுழைவுச் சோதனை, இறங்கும்போதும் சோதனை. ஆகவே நிரந்தரவாசியின் மறுநுழைவு அனுமதி திரும்பும் நாளிலும் செல்லுபடியாக இருக்க வேண்டும். ஊரிலிருந்து வந்தவரின் விசா ஒருமுறை நுழைவுக்கு மட்டும் என்றால், வந்து இறங்கிய அன்றே அது தீர்ந்துபோய்விட்டது. கப்பலில் போனால் திரும்பி நுழைய வழியில்லை. பலமுறை நுழைவு என்று போட்டிருக்க வேண்டும். நிற்கும் துறைமுகத்தில் "நான் இறங்க மாட்டேன்" என்று சொல்வதாலும் அந்த நாட்டு விசா விதி பெரும்பாலும் தளராது. கடவுச்சீட்டில் ஆறு மாதம் மீதம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இதில் எதையும் விற்பவர் கேட்க மாட்டார், கப்பல் நிறுவனமோ "பயணியின் பொறுப்பு" என்று ஒரே வரியில் முடித்துவிடும். மெரினா பே முனையத்தில் பெட்டியோடு அழுதுகொண்டு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். திரும்பும்போது நிரப்பும் சிங்கப்பூர் வருகை அட்டைக்குக் கட்டணமே இல்லை. காசு கேட்கும் இணையத்தளம் எதுவானாலும் அது குடிநுழைவு ஆணையத்துடையது அல்ல.

உடம்புக்கு முடியாமல் போனால் கப்பல் மருத்துவர் இருக்கிறார், ஆனால் அங்கே சாஸ் என்ற மருத்துவச் சலுகை அட்டை, மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு எதுவும் செல்லாது. சாதாரண உபாதைக்கே பில் நூறு டாலரைத் தாண்டலாம். பானத் தொகுப்புக்கு வைத்திருந்த காசில் பயணக் காப்புறுதி எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கும் ஈடு உண்டா என்று கேட்டு எடுங்கள். மலாக்கா நீரிணைப் பக்கம் சுமத்ரா தீவு காற்றைத் தடுப்பதால் ஆட்டம் குறைவு. டிசம்பர், ஜனவரியில் தென்சீனக் கடல் பக்கம் போகும் கப்பல் என்றால் தலைசுற்றல் மாத்திரையை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே போட வேண்டும். உங்கள் மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சோறு வேகவைக்கும் குக்கர், மின்கெண்டி வேண்டாம். முனையத்தில் எக்ஸ்ரேயில் பிடித்து வைத்துக்கொள்வார்கள். முறுக்குக்குத் தடையில்லை.

கடல்நாள் காலையில் குளத்தோர நாற்காலிகளில் துண்டு விரித்து இடம் பிடித்திருப்பார்கள், நம் உணவங்காடியில் டிஷ்யூ பொட்டலம் வைப்பது போலவே. கொஞ்ச நேரம் ஆளில்லாமல் கிடந்தால் ஊழியர்களே துண்டை எடுத்துவிடுவார்கள், சண்டை வேண்டாம். பின்தளத்தில் நிழல் உண்டு, கூட்டம் குறைவு.

கணக்கில் மட்டும் தோழமை காட்டாதீர்கள். "என் கார்டைக் கொடுக்கிறேன், அப்புறம் பிரித்துக்கொள்ளலாம்" என்று ஒருவர் சொன்னால் மற்ற மூவரும் மறுத்துவிடுங்கள். ஏறிய அன்றே விருந்தினர் சேவை மேசையில் ஒரே அறைக்காரர்களுக்கும் தனித்தனிக் கணக்காகப் பிரித்துத் தருவார்கள். டெபிட் கார்டு வேண்டாம். முன்பணமாகப் பிடித்துவைத்த தொகை திரும்ப நாளாகும். கடைசி இரவு தொலைக்காட்சியிலோ செயலியிலோ பில்லைப் பாருங்கள். தவறு இருந்தால் அன்றே மேசைக்குப் போங்கள். காலையில் வரிசை லிஃப்ட் வரை நீளும். அதை விட்டுவிட்டால், மெரினா சவுத் பியரிலிருந்து ஈசூன் வரை ஒரே ரயில், வழியெல்லாம் அந்தப் பேச்சுத்தான்.