நாற்பத்திரண்டு ஸ்லைடு எதற்கு, தம்பி?

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் வேலை கிடைத்திருக்கிறதாம். வேலையில் சேரும் முதல் மாதத்திலேயே இருபது நிமிடம் பிரசன்டேஷன் கொடுக்க வேண்டுமாம். 42 ஸ்லைடு தயார். "இங்கிலீஷ் சுமாராகத்தான் வரும், சமாளித்துவிடலாமா அக்கா?" என்கிறார்.

இங்கிலீஷை விடுங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் அது தாய்மொழி இல்லை. எனக்குப் பயம் அந்த 42-ஐப் பார்த்துத்தான்.

2011-ல் அதே ஊரில் நான் அடித்த கூத்தைச் சொல்கிறேன். முதல் ஸ்லைடில் வணக்கம், இரண்டாவதில் பொருளடக்கம், மூன்றாவதில் எங்கள் டீம் உருவான கதை. காலேஜ் செமினார் பழக்கம், வேறென்ன. நான்காவதில் பதினோரு நெடுவரிசை உள்ள அட்டவணை. அதை வரிவரியாக வாசிக்க ஆரம்பித்ததும் ஒருவர் கையைத் தூக்கி, "எங்களிடமிருந்து உங்களுக்கு என்ன வேண்டும்?" என்றார். சண்டைக்கு வருகிறார் என்றே நினைத்தேன். பாவம், அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

அதோடு போயிற்றா? அட்டவணையில் 1,25,000 என்று நம்மூர்க் கணக்கில் கமா போட்டிருந்தேன். ஜெர்மனியில் கமாதான் தசமப் புள்ளி. ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி வைப்பார்கள். 1,25 என்றால் அவர்களுக்கு ஒன்றேகால். ஒன்றேகாலுக்குப் பின்னால் இன்னொரு கமாவும் மூன்று பூஜ்யமும் எதற்கு என்று அறையே முழித்தது. லட்சம் என்று விளக்கப் போய், லட்சம் என்றால் என்ன என்பதில் இன்னும் ஐந்து நிமிடம் காலி. நீங்கள் இடைவெளி விட்டு 125 000 என்று எழுதிவிடுங்கள், வம்பே இல்லை.

இப்போது லீவுக்கு மதுரை வில்லாபுரத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். நேற்று பையனோடு மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போனபோது, ஆயிரங்கால் மண்டபத்தில் ஒரு கைடைப் பார்த்தேன். கூட்டிவந்தவர்களை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு அரை நிமிடம் வாயே திறக்கவில்லை மனுஷன். எல்லோரும் தூண் வரிசையைக் கண்ணால் அளந்து முடித்த பிறகு, "எத்தனை இருக்கும்?" என்றார். "ஆயிரம்!" என்றது ஒரு குழந்தை. "985" என்றார். கட்டியவர் அரியநாத முதலியார், ஆண்டு 1569 என்பதெல்லாம் அதற்கப்புறம்தான் வந்தது. அதற்குள் அத்தனை பேரும் காதைக் கொடுத்துவிட்டார்கள்.

உங்கள் ஸ்லைடு அந்தத் தூண் வரிசை மாதிரி இருக்கட்டும். படம் வந்ததும் மூன்று விநாடி சும்மா இருங்கள், அப்புறம் பேசுங்கள். திரையில் இருப்பதையே வாசித்தால் உங்களுக்கு முன்னால் அவர்கள் வாசித்து முடித்துவிட்டுப் போனை எடுத்துவிடுவார்கள். உதாரணத்துக்கு, "பழுது நிலவரம்" என்று தலைப்பு வைக்காமல், "புது வால்வு போட்ட பிறகு பழுது பாதியாகிவிட்டது" என்று சேதியையே தலைப்பாக்கி, அடியில் ஒரே ஒரு கிராஃப் வையுங்கள். கேட்க வந்ததை முதல் ஸ்லைடிலேயே கேட்டுவிடுங்கள்: "இரண்டாவது உற்பத்தி லைனுக்கும் இதே வால்வு வாங்க அனுமதி வேண்டும்." நமக்கு அது முகத்தில் அடித்த மாதிரி தெரியும். அங்கே அதுதான் மரியாதை.

கை காவாசாகி என்ற முதலீட்டாளர் 10 ஸ்லைடு, 20 நிமிடம், 30 பாயிண்ட் அளவில் எழுத்து என்று ஒரு கணக்குச் சொல்வார். உங்களுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. மீதி 32-ஐ அழிக்க வேண்டாம், கடைசிக்குத் தள்ளுங்கள். எது எத்தனையாவது ஸ்லைடு என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பாதியில் கட்டாயம் கேள்வி வரும். பவர்பாயிண்ட்டில் அந்த எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் நேரே அங்கே போய் நிற்கும். பேச்சு நீண்டால் 'B' எழுத்தைத் தட்டுங்கள், திரை கறுப்பாகிவிடும், கண்கள் உங்கள் பக்கம் திரும்பும். மறுபடி தட்டினால் திரும்ப வந்துவிடும்.

முடித்ததும் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். நான் கோபமாக்கும் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அது கைதட்டல், தம்பி.