வேன் கூலிக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: நோர்வூட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். மகள் தரம் 6க்குப் போகிறாள். தோட்டப் பாடசாலையில் (தரம் 11 வரை) பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள், ஹட்டனுக்கு அனுப்புங்கள் என்கிறார்கள். அங்கே இடம் கிடைக்கும். வேனுக்கு மாதம் 6,500 ரூபாய். நகையை அடகு வைக்கலாமா?

பதில்: நகையைத் தொடாதீர்கள். வேன் கூலி மாதாமாதம் வரும் செலவு. வருடத்துக்கு 78,000, தரம் 9 முடிய 312,000 ரூபாய். அடகுக் காசு பாதியில் தீர்ந்துவிடும், வட்டி நிற்காது. லீவு மாதத்துக்கும் முழுக் கூலி கேட்கும் வேன்காரர்கள் உண்டு.

செலவு செய்யுமுன் இரண்டு பாடசாலைகளையும் ஒரே அளவுகோலால் பாருங்கள். தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் "60 வீதம் சித்தி" என்றால், எத்தனை பேரில் என்று கேளுங்கள். உதாரணமாக, 40 பேர் எழுதி 24 பேர் உயர்தரத்துக்குத் தகுதி பெற்றால் 60 வீதம். அதே தொகுதி தரம் 6இல் 60 பேராக இருந்திருந்தால் உண்மையில் 40 வீதம்தான். மீதி 20 பேர் இடைவிலகினார்களா, வேறு பாடசாலைக்குப் போனார்களா என்பது அதிபருக்குத் தெரியும். சின்னப் பாடசாலையில் 12 பேர் எழுதினால் ஒரு பிள்ளையே 8 வீதம். அதனால் மூன்று வருடப் பெறுபேற்றைச் சேர்த்துப் பாருங்கள். நகரப் பாடசாலைகள் பலவற்றுக்குப் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளியில் தேறிய பிள்ளைகளே தரம் 6க்கு வருகிறார்கள். அந்தப் பெறுபேறு முழுவதும் கற்பித்தலால் வந்ததல்ல.

பிள்ளைகள் குறைவதைவிட ஆசிரியர் இல்லாததே பெரிய ஆபத்து. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று நேரில் போய்க் கேளுங்கள். மகளைவிட ஒரு வகுப்பு மேலே படிக்கும் பிள்ளையின் கணிதக் கொப்பியைப் புரட்டுங்கள். திகதிகளுக்கு நடுவே வாரக்கணக்கில் இடைவெளி இருந்தால் பாடம் நடக்கவில்லை.

மூன்று ஆசிரியர்களும் இருந்தால் தரம் 9 வரை தோட்டப் பாடசாலையே போதும். 6,500இல் 2,500ஐ டியூஷனுக்கு வைத்து, 4,000ஐ மகள் பெயரில் தேசிய சேமிப்பு வங்கியில் போடுங்கள்; அரச உத்தரவாதம் உண்டு, தபாலகத்திலும் கட்டலாம். நான்கு வருடத்தில் வட்டி இல்லாமலே 192,000. உயர்தரத்துக்கு எப்படியும் வேறு பாடசாலை தேவை, விஞ்ஞானப் பிரிவு, 1ஏபி என்று அரசு வகைப்படுத்திய பாடசாலையில் மட்டுமே உண்டு. அப்போதுதான் இந்தக் காசு பெரிதாக வேண்டியிருக்கும்.

கணித ஆசிரியர் ஒரு வருடமாக இல்லையென்றால் ஹட்டனுக்கே அனுப்புங்கள். ஆனால் வேனுக்கு முன் இபோச (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் நேரத்தைப் பாருங்கள். மாணவர் சீசன் டிக்கெட் வேன் கூலியில் ஒரு சிறு பங்குதான், படிவத்தில் அதிபரின் ஒப்பம் வேண்டும்.