தடங்களை எண்ணி வயது சொல்வது: ஒரு கடிதம்

ஐயா,

பாறைகளின் வயது பற்றிய கட்டுரையில், கனிமத்துக்குள் யுரேனியம் பிளந்த தடங்களை எண்ணுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தடம் நிறைய இருந்தால் கல் பழையதா, இல்லை யுரேனியம் அதிகமா? எப்படிப் பிரித்துச் சொல்வது? சூடுபட்டால் தடம் அழிந்துவிடும் என்கிறார்களே, அழியக்கூடியதை நம்பி வயது சொல்லலாமா?

ஒரு பள்ளி ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதல் கேள்வியை நான் கட்டுரையிலேயே எழுப்பியிருக்க வேண்டும். விட்டுவிட்டேன்.

இயற்கை யுரேனியத்தின் பெரும்பகுதியான யுரேனியம்-238 பெரும்பாலும் ஆல்ஃபா துகளை உமிழ்ந்துதான் சிதையும். ஏறக்குறைய 20 லட்சம் சிதைவுக்கு ஒன்றில்தான் அணுக்கரு தானாக இரண்டாகப் பிளக்கும். அந்தத் துண்டுகள் எதிரெதிர்த் திசையில் பாய்ந்து படிகத்தில் ஒரு கீறலை விடும். அபடைட் என்ற கனிமத்தில் அதன் நீளம் சுமார் 16 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அகலமோ சாதாரண நுண்ணோக்கிக்கு எட்டாத அளவு. அமிலத்தில் வைத்தால் சேதமான கீறலை மட்டும் அமிலம் வேகமாக அரிக்கும், தடம் அகன்று நுண்ணோக்கியில் தெரியும். 1960-களின் தொடக்கத்தில் பிரைஸ், வாக்கர், ஃப்ளைஷர் என்ற இயற்பியலாளர்கள் மூவரும் இதை வயது காணும் முறையாக வளர்த்தார்கள்.

சரி, யுரேனியம் எவ்வளவு? தடம் எண்ணிய அதே பரப்பின்மேல் யுரேனியம் இல்லாத மைக்காத் தகடு ஒன்றை ஒட்டி அணு உலைக்கு அனுப்புவார்கள். அங்கே மெதுவான நியூட்ரான்கள் யுரேனியத்தின் இன்னொரு வகையான யுரேனியம்-235-ஐப் பிளக்கும். தெறிக்கும் துண்டுகள் மைக்காவில் பதியும். 235-க்கு 238 இயற்கையில் ஏறத்தாழ 1-க்கு 138 என்ற விகிதத்தில் இருப்பதால், மைக்காவில் விழுந்த தடங்களே அந்தப் படிகத்தின் யுரேனியக் கணக்கு. எத்தனை நியூட்ரான் பட்டது என்று அறிய, யுரேனிய அளவு தெரிந்த கண்ணாடித் துண்டும் கூடவே போகும். படிகத்தின் பழைய தடம், மைக்காவின் புதுத் தடம், இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் வயதைத் தருகிறது. யுரேனியம் மிகுந்த கல்லில் இரண்டுமே கூடும், விகிதம் ஏமாறாது. இப்போது பல ஆய்வகங்கள் உலைக்கு அனுப்பாமல், லேசரால் படிகத்தைச் சுரண்டி, அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து அளக்கும் நிறை நிறமாலைமானியில் யுரேனியத்தை நேரடியாகவே அளந்துவிடுகின்றன.

எண்ணுவது சலிப்பான வேலை, பிழையும் அதில்தான் வரும். 100 தடம் எண்ணினால் புள்ளியியல் பிழை மட்டுமே சுமார் 10 சதவீதம். படிகத்தின் இயல்பான குறையைத் தடம் என்று எண்ணிவிடுபவர்களும் உண்டு.

அப்புறம் சூடு. அழிவதைக் குறை என்று நினைக்கிறீர்கள். எனக்கு இந்த முறையில் பிடித்ததே அதுதான். அபடைட் லட்சக்கணக்கான ஆண்டுகள் 120 டிகிரிக்கு மேல் கிடந்தால் பழைய தடம் மிஞ்சாது. சுமார் 60 முதல் 120 டிகிரி வரை தடம் குறுகும், முழுதாகப் போகாது. சிர்கான் என்ற இன்னொரு கனிமத்தின் தடம் இன்னும் அதிகச் சூட்டைத் தாங்கும். ஆகவே எரிமலைச் சாம்பல் போலச் சட்டென்று குளிர்ந்ததில் கிடைப்பது அது பிறந்த வயது. கிரானைட்டின் அபடைட்டில் கிடைப்பதோ, மேலிருந்த பாறை அரிபட்டு, சில கிலோமீட்டர் ஆழத்திலிருந்து அது மேலேறிக் குளிர்ந்த காலம். தடங்களின் நீளத்தையும் அளந்தால், வேகமாக மேலே வந்ததா, பாதி வழியில் தங்கி வந்ததா என்பதுகூடத் தெரியும். அதனால்தான் ஒரே கல்லில் சிர்கான் ஒரு வயதும் அபடைட் அதைவிடக் குறைந்த வயதும் காட்டினால் புவியியலாளர் பதறுவதில்லை.