இங்கிலாந்துக் குளிரில் பே லாரலை வேலியாக வளர்க்க முடியுமா?

லண்டன் புறநகரில் பின்பக்க வேலிக்கு பே லாரல் (மேற்கத்திய சமையலில் வாசனைக்குப் போடும் பே இலையைத் தரும் செடி) வைக்கலாமா, பனியில் பட்டுப்போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வைக்கலாம். தரையில் நன்றாக வேர்பிடித்த செடி மைனஸ் 5 டிகிரி வரை பெரும்பாலும் தாங்கிவிடும். குளிர்காலத்தில் வேரில் தேங்கும் தண்ணீர்தான் அதைவிட மோசம். லண்டன் களிமண்ணில் குழிக்குள் மட்டும் உரமண் நிரப்பினால் அது வாளி மாதிரி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். வேலி நீளத்துக்கும் மண்ணைக் கொத்தி, மக்கு உரம் கலந்து, கொஞ்சம் மேடாக்கி நடுங்கள்.

வாங்கும்போது சீட்டில் 'லாரஸ் நோபிலிஸ்' என்ற அதன் தாவரவியல் பெயர் இருக்கிறதா பாருங்கள். வேலிக்கென்றே மலிவாக விற்கும் செர்ரி லாரல் விஷச்செடி, சமையலுக்கு ஆகாது. நம் ஊர் பிரிஞ்சி இலையும் இது இல்லை. அதில் நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடும், இதில் நடுநரம்பு ஒன்றுதான்.

ஏப்ரல், மே மாதத்தில் 60 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். இலையுதிர்காலத்தில் நட்டால் வேர் பிடிக்குமுன் உறைபனி வந்துவிடும். மண்மேல் மூடாக்காகப் பரப்பும் மக்கு 5 செ.மீ. போதும், தண்டை ஒட்டிப் போடாதீர்கள். முதல் இரண்டு கோடைக்கும் தண்ணீர் தவறக்கூடாது. வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும், அவசரக்காரர்களுக்கு இந்த வேலி சரிவராது.

முதல் இரண்டு வருடம் நுனியைக் கிள்ளிவிட்டால் அடிப்பகுதி அடர்த்தியாகும். பிறகு வருடத்துக்கு ஒரு கவாத்து, ஜூலை அல்லது ஆகஸ்டில், உள்ளே பறவைக்கூடு இல்லையென்று பார்த்துவிட்டு. அதற்குப் பின் வெட்டினால் வரும் இளந்துளிர் பனியில் கருகும். மின்கத்தரி வேண்டாம், இலைகளைப் பாதியில் வெட்டுவதால் ஓரமெல்லாம் பழுப்பாகும். கைக்கத்தரியால் கிளை கிளையாக வெட்டுவது நேரம் பிடிக்கும், ஆனால் வெட்டியதை அடுப்படிக்குக் காயவைத்துக்கொள்ளலாம். 2 மீட்டருக்குமேல் விட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கவுன்சிலில் புகார் கொடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

கோடையில் இலை ஓரம் மஞ்சளாகித் தடித்துச் சுருண்டால் உள்ளே வெள்ளை மெழுகோடு சாறுண்ணிக் குஞ்சுகள் இருக்கும். அந்த இலைகளைக் கிள்ளி எறிந்தால் போதும், மருந்தடிக்கும் அளவுக்கு அது பெரிய விஷயமில்லை. இலைமேல் கரி பூசியதுபோல் படிந்தால் அடிப்புறத்தில் செதில் பூச்சியைத் தேடுங்கள்.

கடுங்குளிருக்குப் பிறகு இலையெல்லாம் பழுப்பானால் உடனே பிடுங்கிவிடாதீர்கள். பட்டையை நகத்தால் சுரண்டுங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. மே கடைசியில் காய்ந்ததை மட்டும் வெட்டுங்கள். மேல்பாகம் முழுதும் செத்திருந்தாலும் அடியிலிருந்து துளிர்ப்பதுண்டு, கோடை முடியும்வரை விட்டுப் பாருங்கள்.