வாசகர் கேள்வி: வர்ணனையில் நிறம்

கே: கறுப்பின வீரரை ‘என்ன பலம், என்ன வேகம்’ என்று கால்பந்து வர்ணனையாளர்கள் புகழ்வதில் என்ன தவறு?

ப: அறிவைப் புகழும்போது யாரைச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். 2019–20 சீசனில் நான்கு ஐரோப்பிய லீக்குகளின் 80 ஆட்டங்களை ஆராய்ந்தபோது, அந்தப் பாராட்டில் 62.6 சதவீதம் வெளிர்நிற வீரர்களுக்கே போயிருந்தது. கறுப்பின வீரர்கள் உழைத்துக் கற்ற ஆட்ட நுணுக்கம் பிறவி உடல்வாகாகச் சுருங்கிவிடுகிறது. இது அநியாயம்.

செய்தித்தாள்களும் அப்படித்தான். இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டி அணியின் இளம் வீரர்கள் இருவர் வீடு வாங்கிய செய்திகளை 2018-இல் அதே அணியின் கறுப்பின வீரர் ரஹீம் ஸ்டெர்லிங் அருகருகே வைத்துக் காட்டினார். வெள்ளையரான ஃபில் ஃபோடனுக்குத் தலைப்பில் ‘அம்மாவுக்கு வீடு’. கறுப்பரான டோசின் அடராபியோயோவுக்கோ வாரச் சம்பளக் கணக்கு.

நீங்களே சோதிக்கலாம்: ஓர் ஆட்டத்தின் அடைமொழிகளை ‘உடல்’, ‘அறிவு’ என இரு பத்தியாக எழுதுங்கள். களத்தில் ஒரே இடத்தில் ஆடுபவர்களை மட்டும் ஒப்பிடுங்கள். களத்தின் ஓரமாக ஆடும் விங்கரையும் நடுக்கள வீரரையும் கலந்தால் கணக்கு பிசகும்.