உடைந்துவிட்டது என்றால், உடைந்ததையே கேளுங்கள்

கேள்வி: என் அப்பா செவ்வாய்ப்பேட்டையில் முப்பது வருஷம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கல்யாணமான புதிதில் அவர் வாங்கிய அதே மாடல் மர்ஃபி வால்வு ரேடியோ ஒன்று ஆன்லைன் ஏலத்துக்கு வந்தது. கடைசி நிமிடம் வரை விழித்திருந்து 6,200 ரூபாய்க்கு எடுத்து, அன்றிரவே பணமும் கட்டினேன். நாலு நாள் கழித்து, "பேக் பண்ணும்போது விழுந்து உடைந்துவிட்டது, மன்னிக்கவும்" என்று செய்தி அனுப்பி, விற்றவர் பணத்தைத் திருப்பிவிட்டார். அடுத்த வாரமே அவருடைய பக்கத்தில் அதே மாதிரி ஒரு செட், 9,500 ரூபாய் ஆரம்ப விலையில். படங்கள் வேறு, அதே செட்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "பணம்தான் வந்துவிட்டதே, விடு" என்கிறார் கணவர். எனக்கு மனசு ஆறவில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: மனசு ஆறாததில் தப்பே இல்லை, சகோதரி. கடைசி நிமிடம் வரை விழித்திருந்து நீங்கள் எடுத்தது ஒரு ரேடியோவை. அது இன்னும் வரவில்லை.

சேலத்துக்காரர்களுக்கு ஏலம் புதிதல்ல. மஞ்சள், பருத்தி, வெல்லம் எல்லாம் ஏலத்தில் கைமாறும் ஊர் நம்முடையது. விலை கட்டுப்படியாகவில்லை என்று மூட்டையைத் திரும்ப வண்டியில் ஏற்றும் விவசாயிகளும் உண்டு. அப்படி நடக்கலாம் என்பது அங்கே கேட்க வரும் வியாபாரிக்கும் முன்பே தெரியும். ஆன்லைனில் பொருளைப் போடுகிறவருக்கும் அப்படி ஒரு பாதுகாப்பு இருக்கிறது. இதற்குக் கீழே விற்க மாட்டேன் என்று ரிசர்வ் விலை வைத்துக்கொள்ளலாம், அல்லது ஆரம்ப விலையையே 9,500 என்று போடலாம். இரண்டையும் செய்யாமல், ஏலம் முடிந்த பிறகு விலை போதவில்லை என்று பின்வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சட்டமும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 64. சுத்தியல் தட்டியோ வழக்கமான வேறு முறையிலோ ஏலம் முடிந்ததாக அறிவிக்கும்போது விற்பனை முழுமையடைகிறது. அதுவரை, ஏலம் கேட்டவர் தான் கேட்ட விலையைத் திரும்பப் பெறலாம். நம் ஊர் வழக்கில் 'மூணு தரம்' சொல்லியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் அந்த மூணாம் தரத்தைச் சொல்வது கடிகாரம். நீங்கள் வாங்கிய தளத்தின் விதிமுறைகளில் இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். பின்னால் உதவும்.

நானும் ஒருமுறை விற்பவர் பக்கம் நின்றிருக்கிறேன். ஏற்காட்டில் பாட்டி வீட்டுப் பரணில் கிடந்த காபிக்கொட்டை அரைக்கும் இரும்பு மெஷினை ஏலத்தில் போட்டேன். 1,800 ரூபாய்க்கு முடிந்தது. மறுநாள் காலையில் சித்தி போன் செய்து அழுதார். பாட்டி கையால் அரைத்த மெஷினாம், எனக்குத் தெரியாது. உடனே வாங்கியவரைக் கூப்பிட்டு நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரிங்க, சித்திகிட்டயே கொடுத்துடுங்க" என்றார். "இல்லை, எனக்கு வேண்டும்" என்று அவர் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேன். கொடுத்த வார்த்தையிலிருந்து என்னை விடுவிக்கிற உரிமை அவரிடம்தான் இருந்தது. உங்கள் விஷயத்தில் அது உங்களிடம் இருக்கிறது. உங்களைக் கேட்காமலே விற்றவர் அதை எடுத்துக்கொண்டுவிட்டார்.

சரி, இப்போது செய்ய வேண்டியதற்கு வருகிறேன். அவர் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பேக்கலைட் என்ற பழைய கால பிளாஸ்டிக்கால் ஆன பெட்டி கீழே விழுந்தால் விரிசல் விடத்தான் செய்யும். ஒரே மாடலில் அவரிடம் இரண்டு செட் இருக்கவும் வாய்ப்புண்டு. ஆனால் உண்மையைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது: உடைந்ததையே கேளுங்கள். ரேடியோ மெக்கானிக்கின் மகள் நீங்கள். பெட்டி உடைந்தாலும் உள்ளே இருக்கும் சேசிஸ் என்ற உலோகச் சட்டம், கண்ணாடிக் குழாயான வால்வு, ஸ்பீக்கர் இதெல்லாம் தப்பியிருக்கலாம் என்று உங்களுக்குத் தெரியாதா? உண்மையாகவே உடைந்திருந்தால் அதை அனுப்புவதில் அவருக்கு நஷ்டம் இல்லை, சந்தோஷமாகவே அனுப்புவார். உடையாத செட்டை வைத்திருப்பவருக்கு இந்தக் கேள்விக்குச் சொல்ல ஒரு பதிலும் இருக்காது.

போனில் பேசாமல் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுதுங்கள். இப்படி எழுதலாம்: "பணம் திரும்பி வந்தது. ஆனால் விற்பனையை ரத்து செய்ய நான் சம்மதிக்கவில்லை. ரேடியோ உடைந்திருந்தாலும் பரவாயில்லை. உடைந்த நிலையில் நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள். ஒரு நியாயமான விலை பேசி அப்படியே வாங்கிக்கொள்கிறேன். உடையவில்லை என்றால் 6,200 ரூபாயை மறுபடி கட்டத் தயார். ஏழு நாளில் பதில் வேண்டும்." இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். திட்டாதீர்கள், கோபம் எவ்வளவு இருந்தாலும், நாளைக்கு இதைப் படிக்கப்போகிறவர் ஒரு மூன்றாம் மனிதர். பணம் வந்ததாலேயே நீங்கள் ரத்துக்குச் சம்மதித்ததாக ஆகிவிடாது. ஆனால் பேசாமல் இருந்தால் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். அதனால் இந்த வாரமே எழுதிவிடுங்கள்.

எழுதுவதற்கு முன்பே பழைய ஏலப் பக்கம், புதிய ஏலப் பக்கம், அவர் அனுப்பிய செய்தி, பணம் போனதற்கும் வந்ததற்குமான ரசீதுகள் எல்லாவற்றையும் தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். செய்தி போன அடுத்த நிமிடம் பக்கங்கள் காணாமல் போகலாம். இரண்டு ஏலத்தின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அப்பாவிடம் காட்டுங்கள். குமிழின் தேய்மானம், ஸ்பீக்கர் துணியில் உள்ள கறை, டயல் கண்ணாடிக் கீறல் எல்லாம் நாம் பார்க்கிறதைவிட அவர் கண்ணில் சீக்கிரம் படும். ரத்துக்கான காரணமாகத் தளத்தில் என்ன பதிவாகியிருக்கிறது என்றும் பாருங்கள். 'வாங்குபவர் கேட்டதால்' என்று இருந்தால் உடனே மறுப்பு எழுதுங்கள்.

பதில் வராவிட்டால், அல்லது மழுப்பல் பதில் வந்தால், தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் புகார் எழுதுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அதுவும் சரிவரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. தமிழிலேயே பேசலாம்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்பது விற்றவர் யார் என்பதைப் பொறுத்தது. வீட்டில் கிடந்த ஒரே ஒரு ரேடியோவை விற்ற தனிநபர் என்றால், மின்வணிக விதிகள் அவரைத் தொடாது. அவர் வியாபாரியும் ஆக மாட்டார். ஆனால் அவருடைய பக்கத்தில் பழைய ரேடியோ, கிராமபோன் என்று வரிசையாக விற்றுக்கொண்டிருந்தால் கதை வேறு. அப்போது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, அவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் சேலம் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் கொடுத்தால் போதும்.

என்ன கேட்க முடியும் என்பதற்கு இரண்டு வெளிநாட்டு வழக்குகளைச் சொல்கிறேன். அந்தத் தீர்ப்புகள் இங்கே கட்டுப்படுத்தாது, இருந்தாலும் வழி காட்டும். ஆஸ்திரேலியாவில் ஒரு பழைய போர் விமானம் 1,50,000 ஆஸ்திரேலிய டாலருக்கு ஈபேயில் ஏலம் போனது. விற்றவர் வேறு ஒருவரிடம் 1,00,000 டாலர் அதிகமாகப் பேசிவிட்டுப் பின்வாங்கினார். ஏலத்தில் எடுத்தவருக்கே விமானத்தைக் கொடுக்க வேண்டும் என்று 2007இல் தீர்ப்பளித்தது நீதிமன்றம். ஜெர்மனியில் ஒருவர் தன் பழைய காரை 1 யூரோ ஆரம்ப விலைக்குப் போட்டு, நடுவில் ஏலத்தை நிறுத்தி, வெளியில் விற்றுவிட்டார். அதுவரை கேட்டிருந்தவர் ஒரே ஒருவர்தான். காரின் மதிப்பு 5,250 யூரோ என்றார் அவர். 1 யூரோவைக் கழித்து 5,249 யூரோ நஷ்டஈடு கேட்டு அவர் போட்ட வழக்கில், நஷ்டஈடு பெற அவருக்கு உரிமை உண்டு என்ற தீர்ப்பை 2014இல் அந்நாட்டுக் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. நம் 1930ஆம் ஆண்டுச் சட்டத்திலும் பிரிவு 57 நஷ்டஈட்டுக்கும், பிரிவு 58 குறிப்பிட்ட பொருளையே கேட்பதற்கும் இடம் தருகிறது. உங்கள் கணக்கில் அதே நிலையில் உள்ள ஒரு செட் 9,000 ரூபாய்க்குப் போகிறது என்றால், வித்தியாசம் 2,800. அந்தத் தொகைக்காக சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். அப்பாவோடு உட்கார வேண்டிய நாட்களை வாய்தாக்கள் தின்றுவிடும். தளத்தில் புகார், 1915, விற்றவர் வியாபாரி என்றால் ஆணையம், இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நடந்ததை நடந்தபடி விற்றவருடைய பக்கத்தில் ஒரு மதிப்புரையாக எழுதுங்கள். அடுத்து வருகிறவருக்கு அது உதவும். அவர் போன் நம்பரையும் படத்தையும் பொதுவெளியில் போட வேண்டாம்.

அந்த இரண்டாவது ஏலத்தில் கலந்துகொள்ளாதீர்கள். "தளத்துக்கு வெளியே 8,000 கொடுங்கள், தருகிறேன்" என்று கேட்டாலும் போகாதீர்கள். அங்கே பணம் போனால் உங்களுக்காகப் பேச யாரும் இல்லை. ஒருவேளை அப்படிப் பணம் கொடுத்து ஆள் மறைந்துவிட்டால், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள். அது சைபர் மோசடிக்கான எண்.

உங்கள் கணவர் சொல்வதும் அக்கறையில்தான். ஒரு செய்தி எழுதி ஏழு நாள் காத்திருப்பதை அவரும் தடுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

விற்றவர் ரேடியோவை அனுப்பச் சம்மதித்தால், வால்வுகளைக் கழற்றித் தனித்தனியாகச் சுற்றி, எது எந்த சாக்கெட்டில் இருந்தது என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். செட் வந்ததும் ஆசையில் நேராக கரண்ட் கொடுத்துவிடாதீர்கள், பழைய கன்டென்சர்கள் தாங்காது. முதலில் சீரிஸ் லேம்ப், அதாவது வழியில் ஒரு பல்பை இணைத்து, போட்டுப் பார்க்க வேண்டும். அதை அப்பாவையே செய்யச் சொல்லுங்கள்.