ரேடான் 310 காட்டினால் என்ன செய்வது?

கேள்வி: எங்களுடையது கிராமத்தில் உள்ள பழைய கல்வீடு. மண்ணைத் தட்டி அதன்மேல் சிமென்ட் பூசிய தரை. ஆங்காங்கே விரிசல் விட்டிருக்கிறது. உறவினர் ஒருவர் கொண்டுவந்த சிறிய மின்னணுக் கருவி, விடியற்காலையில் படுக்கையறைச் சுவரோரம் ரேடான் 310 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்று காட்டியது. குழந்தைகள் இருவருக்கும் அடிக்கடி இருமல் வருகிறது. 62 வயதான அப்பா, 40 ஆண்டுகளாகத் தினம் ஒரு பாக்கெட் சிகரெட் பிடிப்பவர். எல்லோரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா? எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினால் போதுமா? போர்வெல் தண்ணீரைக் குடிக்கலாமா?

பதில்: குழந்தைகளின் இருமலுக்கும் அந்த 310-க்கும் தொடர்பில்லை. ரேடான் மண்ணிலிருந்து வரும் கதிரியக்க வாயு; அது இருமலையோ தலைவலியையோ மூச்சிரைப்பையோ உண்டாக்குவதில்லை. அது செய்யும் ஒரே உறுதியான கெடுதல், பல ஆண்டுகள் கழித்து வரக்கூடிய நுரையீரல் புற்றுநோய். இருமலுக்குச் சிகரெட் புகை, விறகுப் புகை, சுவர் ஈரத்தில் வளரும் பூஞ்சை, ஆஸ்துமா ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதற்காகக் குழந்தைகளைத் தனியாக மருத்துவரிடம் காட்டுங்கள்.

ரத்தப் பரிசோதனை வேண்டாம். ரேடானால் உடலுக்கு எவ்வளவு பாதிப்பு என்று சொல்லக்கூடிய பயனுள்ள ரத்த, சிறுநீர்ப் பரிசோதனை எதுவும் கிடையாது; எக்ஸ்ரேயிலும் தெரியாது. சோதிக்க வேண்டியது வீட்டைத்தான்.

மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைந்து ரேடியமாகி, அதிலிருந்து இந்த வாயு பிறக்கிறது. நிறம், மணம், சுவை எதுவும் இல்லை. மூச்சில் போன ரேடானில் பெரும்பகுதி அப்படியே வெளியே வந்துவிடும். சிக்கல், அது சிதைந்து உண்டாகும் பொலோனியம் போன்ற திடப்பொருள்களால். அவை தூசியில் ஒட்டிக்கொண்டு மூச்சுக்குழாய்ச் சுவரில் படிந்து, அங்கிருந்தே ஆல்ஃபா துகள்கள் என்ற கதிர்வீச்சை வீசுகின்றன. அந்தத் துகள் திசுவுக்குள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தூரம்கூடப் போகாது. தோலின் மேல் பட்டால் இறந்த செல் அடுக்கே தடுத்துவிடும். மூச்சுக்குழாயில் அப்படிப்பட்ட கவசம் இல்லை; உயிருள்ள செல்கள் நேரடியாக அடி வாங்குகின்றன.

ஆபத்து எவ்வளவு? ஐரோப்பாவில் நடந்த 13 ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் வெளியான கணக்கின்படி, நீண்டகாலச் சராசரி ஒவ்வொரு 100 பெக்கரல் கூடும்போதும் நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 16 சதவீதம் கூடுகிறது. புகைக்காத 1000 பேரில், ரேடானே இல்லாவிட்டால் 75 வயதுக்குள் இந்த நோய் வருவது சுமார் 4 பேருக்கு; 400 பெக்கரல் உள்ள வீட்டில் 7 பேருக்கு. புகைப்பவர்களில் அதே கணக்கு 100 பேரிலிருந்து 160 பேராகிறது. சதவீத உயர்வு இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், ஆனால் ஆள் கணக்கில் பார்த்தால் உங்கள் வீட்டில் ரேடான் யாரை அதிகம் தாக்கும் என்பது புரியும். தரையைத் தோண்டும் செலவுக்கு முன்னால் அப்பாவின் சிகரெட்டை நிறுத்துவதே பெரிய வேலை. அதைச் சொல்லாமல் குழாய், மின்விசிறி என்று மட்டும் எழுதினால் நான் மருத்துவர் இல்லை, கொத்தனார்.

இனி அந்த 310. உலக சுகாதார நிறுவனம் கன மீட்டருக்கு 100 பெக்கரலுக்குள் இருப்பது நல்லது என்றும், முடியாத இடங்களில் 300-ஐத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. இவை ஆண்டுச் சராசரிக்கான அளவுகள். நீங்கள் பார்த்ததோ, கதவு ஜன்னல் சாத்திய இரவு முடிந்து, வாயு உச்சத்தில் இருக்கும் நேரத்து எண். மதியம் அதே அறையில் பாதிகூட இல்லாமல் இருக்கலாம். குளிர்காலத்தில் இன்னும் கூடலாம். அதோடு கருவியைச் சுவரோரம் வைத்திருக்கிறீர்கள். மண்ணிலும் கல்லிலும் உள்ள தோரியத்திலிருந்து தோரான் என்ற உறவுக்கார வாயு வருகிறது. ரேடான் பாதியாகக் குறைய 3.8 நாள் ஆகும், தோரானுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அதனால் தோரான் சுவரை ஒட்டியே செறிந்திருக்கும். சில கருவிகள் அதையும் ரேடான் கணக்கில் சேர்த்துவிடும்.

அளக்க, ஆல்ஃபா துகள் தடம் பதியும் சிறிய பிளாஸ்டிக் டப்பி போதும். மின்சாரம் வேண்டாம். குறைந்தது 3 மாதம், முடிந்தால் ஓர் ஆண்டு, படுக்கையறையில் வையுங்கள். படுத்திருப்பவர் மூச்சுவிடும் உயரத்துக்குச் சற்று மேலே, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஜன்னலுக்கும் அடுப்புக்கும் தூரமாக இருக்கட்டும். சமையலறையும் குளியலறையும் சரியான இடமல்ல. பெருக்கும்போது அதை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டு மறந்துபோவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. மின்னணுக் கருவியும் பயன்படும், ஆனால் அது காட்டும் நீண்டகாலச் சராசரியைப் பாருங்கள், அன்றைய எண்ணை அல்ல.

எக்ஸாஸ்ட் ஃபேன் விஷயத்தில் கவனம். வீட்டுக்குள் இருக்கும் சூடான காற்று மேலே ஏறி வெளியேறும்போது, தரைமட்டத்தில் மெல்லிய உறிஞ்சல் உண்டாகிறது; சில பாஸ்கல் அழுத்த வித்தியாசம்தான், ஆனாலும் விரிசல் வழியே மண்ணின் காற்றை உள்ளே இழுக்க அது போதும். மூடிய அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் இந்த உறிஞ்சல் கூடும். ரேடான் குறைவதற்குப் பதில் ஏறக்கூடும். ஃபேன் போட்டால் எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வையுங்கள். இன்றிலிருந்தே காசில்லாமல் செய்யக்கூடியது, இரவில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைப்பது. மூடிய பிறகு அரை நாளில் பழைய அளவு திரும்பிவிடும் என்பதால் இது தற்காலிக ஏற்பாடுதான்.

அளவு உண்மையிலேயே அதிகம் என்றால், விரிசல்களையும் சுவரும் தரையும் சேரும் மூலையையும் குழாய் நுழையும் துளைகளையும் நெகிழ்வான சீலன்டால் அடையுங்கள். சிமென்ட் பூச்சு மீண்டும் வெடிக்கும். ஆனால் அடைப்பது மட்டும் போதாது. கண்ணுக்குத் தெரியாத வழிகள் எப்போதும் மிச்சமிருக்கும். பலன் தருவது தரைக்கடியில் உறிஞ்சும் முறை. தரையில் ஒரு துளை போட்டு, அடியிலிருந்து ஓரிரு வாளி மண்ணை அள்ளி, அந்தக் குழியிலிருந்து 10 செ.மீ. பிவிசி குழாயைக் கூரைக்கு மேல் வரை ஏற்றி, 24 மணி நேரமும் ஓடும் குழாய்விசிறி பொருத்துவார்கள். அனுபவமுள்ளவர் செய்தால் பெரும்பாலான வாயு நின்றுவிடும். தரைக்கடியில் ஜல்லி இருந்தால் ஒரு குழி பெரிய பரப்பை இழுக்கும். இறுகிய களிமண் என்றால் இரண்டு மூன்று தேவைப்படலாம்.

இதில் கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. விசிறியை வீட்டுக்குள் வைத்தால், அதற்கு மேலுள்ள இணைப்பில் கசிவு ஏற்படும்போது செறிந்த ரேடான் அறைக்குள்ளேயே கொட்டும். ஆகவே அது வெளிச்சுவரிலோ கூரையிலோ இருக்க வேண்டும். மண்ணின் காற்று ஈரமானது, குழாயில் நீர் படியும். படுக்கை மட்டமாகப் போகும் பகுதிக்குக் குழியை நோக்கிச் சரிவு இல்லாவிட்டால் நீர் தேங்கி அடைத்துவிடும். விரிசல்களை அடைக்காமல் விசிறி போட்டால் அறைக் காற்றையும் சேர்த்து இழுக்கும். விறகடுப்பு உள்ள வீட்டில் புகையும் கார்பன் மோனாக்சைடும் உள்ளே திரும்பலாம். வேலை முடிந்ததும் அதே இடத்தில் மீண்டும் அளக்க வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறையும்.

ஏர் பியூரிஃபயர் தூசியை எடுக்கும், வாயுவை எடுக்காது. அதை நம்பி இருக்க வேண்டாம். தொட்டிச் செடியும் சுவர்ப் பெயின்டும் விளம்பரத்தோடு சரி.

போர்வெல் தண்ணீரில் ரேடான் இருக்கலாம், குறிப்பாகக் கருங்கல் பாறைப் பகுதியில். குடிப்பதைவிட, குளிக்கும்போதும் துவைக்கும்போதும் அது காற்றில் கலப்பதுதான் முக்கியம். அதிலும் ஒரு லிட்டரில் 100 பெக்கரல் இருந்தால் வீட்டுக் காற்றில் சுமார் 10 பெக்கரல்தான் கூடும். எனவே முதலில் காற்றை அளங்கள். மண்ணின் பங்கைச் சரிசெய்த பிறகும் அதிகமாக இருந்தால் தண்ணீரைச் சோதிக்கலாம். தண்ணீரில் காற்றைக் குமிழவிட்டு, அந்தக் காற்றை வெளியே அனுப்பும் தொட்டி ரேடானை ஏறத்தாழ முழுவதும் நீக்கும். கரி வடிகட்டியும் எடுக்கும், ஆனால் கதிரியக்கம் அதிலேயே சேரும், சமையலறைக்குள் வைக்காதீர்கள்.

கடைசியாக அப்பா. 50 முதல் 80 வயதுக்குள், 20 ஆண்டுகள் தினம் ஒரு பாக்கெட் பிடித்த கணக்குள்ளவர்களுக்கு ஆண்டுதோறும் குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் அமெரிக்காவில் பரிந்துரைக்கப்படுகிறது. அவர் அந்த வரம்பின் இரு மடங்கில் இருக்கிறார். நெஞ்சுநோய் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்; சிகரெட்டை விட நிக்கோட்டின் பட்டையோ மாத்திரையோ அங்கேயே கேளுங்கள். சளியில் ரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, மூன்று வாரத்தைத் தாண்டும் இருமல் இவற்றில் ஏதாவது இருந்தால் வீட்டு அளவீடு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.